ஒரே பக்கத்தில் இரண்டு லுத்ஃபி

போன வாரம் நஸீமா வாயைத் திறந்தாள் அல்லவா? அன்றிலிருந்து அந்த வீட்டில் மற்ற மூவரும் வாயை மூடிக்கொண்டார்கள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. மக்லூஃப் அல்ஜியர்ஸ் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கும் புமர்தாஸ் நகரத்துக்கும் இடையே மினி பஸ் ஓட்டுபவர். மனைவி கல்தூம். மகள் நஸீமா மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். மகன் லுத்ஃபி பந்து விளையாடுகிறான். அதைத் தவிர வேறெதுவும் செய்வதில்லை என்பது அப்பாவின் நிரந்தரக் குற்றச்சாட்டு.

பதினேழு வயதுக்கு உட்பட்டோர் தேசிய அணியின் முகாமுக்கு, எதிரணியாக நின்று பயிற்சி கொடுக்க, சுற்று வட்டாரத்துக் கிளப்புகளிலிருந்து கொஞ்சம் பெரிய பையன்களைக் கூட்டிப்போனார்கள். பேப்பரில் பதினெட்டு வயதான லுத்ஃபியும் போனான். போன இடத்தில் இடது ஓரமாக ஓடியே தேசிய அணியின் தடுப்பாட்டக்காரர்களைக் கதற வைத்தான். வயதில் ஏமாற்று நடக்கிறதா என்று பார்க்க, முகாமில் எல்லார் மணிக்கட்டையும் படம் எடுத்தார்கள். லுத்ஃபியின் படத்தைப் பார்த்த டாக்டர், "இந்த எலும்புக்குப் பதினாறுதான்" என்றார்.

ஏமாற்றுகிறவன் பேப்பரில்தான் வயதைக் குறைப்பான். இங்கே கதை தலைகீழ். தேசிய அணியின் பயிற்சியாளர் பெல்காஸெம் குழம்பிப்போய் வீட்டுக்குப் போன் செய்தார். எடுத்தவள் நஸீமா.

"சார், அது அவன் வயசே இல்ல. அவனுக்கு முன்னாடி எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவன் பேரும் லுத்ஃபிதான். நிலநடுக்கத்துல போயிட்டான். இவன் அடுத்த வருஷம் பொறந்தவன். அவன் பேப்பர்லயே இவன் வளந்துட்டான்."

சொல்லி முடித்துத் திரும்பினால், கதவருகே லுத்ஃபி நிற்கிறான்.

தனக்கு ஓர் அண்ணன் இருந்ததே அவனுக்கு அப்போதுதான் தெரியும். ஊருக்கெல்லாம் தெரியும், அவனைத் தவிர. ஊர் ஒன்றும் சதி செய்யவில்லை. எங்கள் பக்கத்தில் நிலநடுக்கத்தில் போனவர்களைப் பற்றி யாரும் யாரிடமும் பேச்செடுப்பதில்லை. எல்லார் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். இவர்கள் வீட்டில் போனவன் நான்கு மாதக் குழந்தை.

இன்றைக்கு வியாழக்கிழமை. பேப்பரைச் சரிசெய்து கொண்டுவந்தால் லுத்ஃபியைத் தேசிய அணியில் சேர்ப்பதாகப் பெல்காஸெம் சொல்லியிருக்கிறார்; மாலை நாலு மணிக்கு அணிப் பட்டியலை மூடுகிறார்கள்.

காலையில் கல்தூம் காபியை இறக்கிவைத்தாள். ரொட்டியைப் பிய்த்துத் தட்டில் போட்டாள். லுத்ஃபியின் தட்டில் வெண்ணெய் கொஞ்சம் கூடுதல், வழக்கம்போல.

"எனக்குப் பசிக்கல" என்றான் அவன்.

மக்லூஃப் மட்டும் உற்சாகமாக இருந்தார். வீட்டில் எல்லாரும் வாடிக்கிடந்தால் தான் உற்சாகமாக இருக்க வேண்டும் என்று நினைக்கிற ரகம் அவர்.

"எட்டரைக்கெல்லாம் நகரசபை திறந்துடும். கிளம்புங்க. நேத்தே ஆர்ஸ்கிகிட்ட பேசிட்டேன். முதல்ல பெரியவன் இறப்பை எழுதிடுங்க, மத்ததெல்லாம் தானா நடக்கும்னான். உள்ள நம்ம ஆளு இருக்கான், நமக்கென்ன?"

"ஆர்ஸ்கி அங்க என்ன வேலை பாக்கறாரு?" என்றாள் நஸீமா.

"என்ன வேலையா இருந்தா என்ன? உள்ள இருக்கான்ல?"

"எல்லாருக்கும் காபி வாங்கிட்டு வர்றவருப்பா அவரு. கோச் சொன்னது கோர்ட்டு. கோர்ட்டுல திருத்த மனு போட்ட சீட்டு ஒண்ணு இருந்தாப் போதும், மிச்சத்தை நான் பாத்துக்கறேன்னாரு."

"போவோம், போவோம். முதல்ல இது."

கல்தூம் ரொட்டியை இன்னும் பிய்த்துக்கொண்டிருந்தாள். நான்கு பேருக்குத் தேவையானதைவிட அதிகமாகவே பிய்த்துவிட்டாள்.

"நான் வர்றேன்னு இன்னும் சொல்லல" என்றாள்.

"வர வேணாம் யம்மா" என்றான் லுத்ஃபி. "நீ வராட்டி நான் ஆடல, அவ்வளவுதானே? எனக்கென்ன, பதினெட்டு வயசு ஆயிடுச்சு. ஓட்டே போடலாம்."

அவள் அவனைப் பார்த்தாள். ஒரு வாரத்தில் அவன் அவளை நேராகப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு இது. எழுந்து போய்த் தலைத்துணியை எடுத்துக் கட்டிக்கொண்டாள்.

கல்தூமை நாம் கோபித்துக்கொள்ள முடியாது. அந்த மே மாத மாலையில் சுவர் விழுந்து அவள் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. மூன்று வாரம் அல்ஜியர்ஸில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவள் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குழந்தையை மக்லூஃப் தன்னந்தனியாக மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தார். அவள் பார்க்கவில்லை. பார்க்காத ஒன்றை எப்படி நம்புவாள்?

அதன்பிறகு இடம்பெயர்ந்தவர்களுக்குக் கொடுத்த தகரக் குடிலில் பதினைந்து மாதம். கேட்டதற்கு ஆம், இல்லை என்பாள். மற்றபடி பேச்சில்லை. அடுத்த வருஷம் ஆகஸ்டில் அந்தக் குடிலிலேயே இரண்டாமவன் பிறந்தான். பக்கத்துக் குடில் மருத்துவச்சிதான் பிரசவம் பார்த்தாள். மக்லூஃப், வீட்டுப் பிறப்பு இறப்பையெல்லாம் பதிகிற குடும்பப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "பதிவு பண்ணிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார்.

"எதுக்கு?" என்றாள் கல்தூம். "லுத்ஃபிக்குத்தான் பேப்பர் இருக்கே."

பதினைந்து மாதம் கழித்து ஒரு மனுஷி முழுசாக ஒரு வாக்கியம் பேசுகிறாள். அதைத் திருத்த எந்தப் புருஷனுக்கு மனசு வரும்? மக்லூஃப் வாசல்வரை போனார், திரும்பி வந்தார், புத்தகத்தைப் பெட்டிக்குள் வைத்தார்.

அவர்கள் செய்த தப்பு அவ்வளவுதான். அதோடு லுத்ஃபி ஆறு வயதுப் பிள்ளைகளோடு நாலரை வயதில் பள்ளிக்குப் போனான். எல்லா வகுப்பிலும் அவன்தான் குள்ளன். எல்லா அணியிலும் அவனைவிடப் பெரியவர்களோடுதான் மோதினான். அதனால்தான் அப்படி ஆடக் கற்றுக்கொண்டான் என்று இப்போது பெல்காஸெம் சொல்கிறார்.

மினி பஸ்ஸில் மக்லூஃப் ஓட்ட, பக்கத்தில் கல்தூம். பின்னால் பிள்ளைகள் இருவரும். லுத்ஃபி காதில் எதையோ மாட்டிக்கொண்டிருந்தான். பாட்டு ஓடவில்லை. நஸீமாவுக்கு அது தெரியும்.

"உனக்குப் புரியற மாதிரி சொல்றேன் கேளு" என்றார் மக்லூஃப் மனைவியிடம். "மொத்தம் அஞ்சு நாடு. நாம, துனிசியா, மொராக்கோ, லிபியா, எகிப்து. எல்லா ஆட்டமும் அல்ஜியர்ஸ்லயே. ஒவ்வொருத்தரும் மத்த நாலு பேரோட ஒரு தடவை ஆடணும். ஜெயிச்சா மூணு புள்ளி, சமமா முடிஞ்சா ஒண்ணு. கடைசில மேல நிக்கிற ரெண்டு பேரு ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் போவாங்க."

"அங்க போயி?"

"அங்க முதல் நாலு இடத்துக்குள்ள வந்தா உலகக் கோப்பை."

"இவன் எந்த ஆட்டம் ஆடுவான்?"

"எல்லாந்தான். பட்டியல்ல இருந்தா. இருபத்தோரு பேரு. நாலு மணிக்கு மூடிட்டாங்கன்னா அப்புறம் மந்திரி மகனே வந்தாலும் சேக்க மாட்டாங்க."

"வயசு?"

வளைவு வந்தது, மக்லூஃப் அதைக் கவனமாகத் திருப்பினார்.

"நிலநடுக்கத்துக்கு அடுத்த ஜனவரி ஒண்ணு. அதுக்கு முன்னாடி பொறந்தவங்க ஆட முடியாது."

"அப்போ அவங்களும் அங்கதான் கோடு போட்டிருக்காங்க" என்றாள் கல்தூம். பிறகு நகரசபை வரும்வரை கடலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

கவுன்ட்டரில் ஃபெர்ரூஜா இருந்தாள். நாற்பது வயதுக்காரி, மூக்குக் கண்ணாடி, அளந்து பேசுகிறவள். ஆர்ஸ்கியைத் தேடி மக்லூஃப் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தார். அவர் காபி வாங்கப் போயிருந்தார்.

விஷயத்தைக் கேட்டதும் ஃபெர்ரூஜா உள்ளே போய் ஒரு தடித்த பதிவேட்டைக் கொண்டுவந்தாள். நிலநடுக்கத்துக்கென்று தனியாக வைத்திருக்கிற பதிவேடு. பின்னால் வரிசையில் நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள். முணுமுணுப்பு நின்றது. அதன் முன்னால் எங்கள் ஊரில் யாரும் அவசரப்படுவதில்லை.

"இதுல எட்டு வரிக்குப் பேர் இல்லக்கா" என்றாள் ஃபெர்ரூஜா. "அப்பா அம்மா ரெண்டு பேரும் வந்து இது எங்க புள்ளதான்னு கையெழுத்துப் போட்டா, இன்னிக்கே பேரை எழுதிடலாம். அந்த எட்டுல உங்களுது ஒண்ணுதான்னு நினைக்கறேன்."

"படி" என்றாள் கல்தூம்.

"நீங்களே பாக்கலாமே அக்கா..."

"நீ படிம்மா."

ஃபெர்ரூஜா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆண் குழந்தை. சுமார் நாலு மாசம். மஞ்சள் கம்பளிச் சட்டை. இடது கால்ல மட்டும் காலுறை. தகப்பன் கொண்டுவந்து கொடுத்தார். பேர் சொல்லவில்லை."

கல்தூம் கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"பேரை ஏன் சொல்லல?"

வாய் ஓயாத மக்லூஃப் கவுன்ட்டர் பலகையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"கேட்டாங்க" என்றார் கடைசியில். "மூணு தடவை கேட்டாங்க. சொன்னா எழுதிடுவாங்களேன்னு..."

அவளை மட்டும் பைத்தியமாக்கிவிட்டுத் தான் தெளிவாக இருப்பதாக இத்தனை வருஷம் காட்டிக்கொண்ட மனிதர். அவருக்கும் அதே பயம்தான் இருந்திருக்கிறது. பாவம் இருவருமே.

"வலது கால் காலுறை என் கையில இருந்துச்சு" என்றாள் கல்தூம். யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "ஒண்ணை மாட்டிட்டேன். இன்னொண்ணை மாட்டக் குனிஞ்சேன். அப்பதான் ஆடுச்சு."

பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, அந்தப் பதிவேட்டின் மேலேயே தலையைச் சாய்த்து அழுதாள். சத்தம் போட்டு, ஊர் பார்க்க, மகனைப் பறிகொடுத்த தாய் அன்றைக்கே அழ வேண்டிய அழுகையை அழுதாள். ஃபெர்ரூஜா பதிவேட்டை இழுக்கவில்லை. வரிசையிலிருந்த ஆண்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

அம்மா அழுது லுத்ஃபி பார்த்ததேயில்லை. காதில் மாட்டியதைக் கழற்றிப் பைக்குள் போட்டான். அவளருகே போக இரண்டடி வைத்தான். அங்கேயே நின்றுவிட்டான்.

பிறகு ஃபெர்ரூஜா குடும்பப் புத்தகத்தை விரித்தாள். முதல் பக்கம் நஸீமா. இரண்டாம் பக்கம் லுத்ஃபி. மேல்பாதியில் பிறப்பு இருந்தது. காலியாக இருந்த கீழ்ப்பாதியில் மே மாதத்து அந்தத் தேதியை எழுதி, சீல் குத்தினாள்.

மணி பதினொன்று.

மக்லூஃப் கண்ணைத் துடைத்துக்கொண்டு பழைய மக்லூஃப் ஆனார். "சரிம்மா, இப்போ இவனுக்குப் பிறப்பு சர்டிஃபிகேட் ஒண்ணு குடுத்துடு. சரியான தேதி போட்டு."

"யாருக்கு?"

"இவனுக்குத்தான். லுத்ஃபிக்கு."

ஃபெர்ரூஜா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "லுத்ஃபி இறந்துட்டாரே அண்ணே. இப்பதான எழுதினேன்."

"அது அவன். இது இவன்."

"இவரோட பதிவு எங்க?"

மக்லூஃப் புத்தகத்தைத் தள்ளினார். அவள் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். அதில் ஒன்றும் இல்லை. நான்காம் பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள், மரியாதைக்காக.

"நீங்க வந்தப்போ செத்துப்போன குழந்தையைப் பத்தித்தான் சொன்னீங்க" என்றாள். "அதே பேப்பர்ல இன்னொரு பையன் இருக்கான்னு சொல்லவேயில்லையே?"

நால்வரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சொல்லவில்லைதான். பதினாறு வருஷமாகச் சொல்லாமல் இருந்து இருந்து, சொல்ல வேண்டிய இடத்திலும் சொல்ல மறந்துவிட்டார்கள்.

"இப்போ கோர்ட்டுக்கு ஓடினா?" என்று கேட்டாள் நஸீமா. "திருத்த மனு போட்டா?"

"காலையில போயிருந்தா எடுத்திருப்பாங்கம்மா. ரெண்டையும் ஒரே மனுவுல போட்டு, சீட்டு வாங்கியிருக்கலாம். தீர்ப்பு வர்ற வரைக்கும் தம்பிக்குப் பழைய பேப்பர் ஓடியிருக்கும். இப்போ அந்தப் பேப்பர் முடிஞ்சுபோச்சு. இறந்தவர் தேதியை யாரு திருத்துவாங்க? இனிமே புதுசா பிறப்பு மனுதான். பிரசவம் பாத்தவங்க நேர்ல வந்து சாட்சி சொல்லணும். அவங்க இருக்காங்களா?"

"ஓரான்ல மக வீட்டுல இருக்கா" என்றார் மக்லூஃப்.

"நாளைக்கும் சனிக்கிழமையும் லீவு, ஞாயித்துக்கிழமை திறந்ததும் கூட்டிட்டு வாங்க. கோர்ட்டுல ஒரு மாசம், ஒன்றரை மாசம் ஆகும்."

"இன்னிக்கு நாலு மணிக்கு வேணும்மா."

ஃபெர்ரூஜா லுத்ஃபியைப் பார்த்தாள். அவளுக்கும் அவன் வயதில் மகன் இருக்கக்கூடும். ஒரு மனுத்தாளை எடுத்துப் பலகைமேல் வைத்தாள். வேறு என்ன செய்வாள்?

வாசல் படிக்கட்டில் நஸீமா வெடித்தாள்.

"கோர்ட்டுன்னு சொன்னேன்ல? காலையில கூடச் சொன்னேன்ல? ஏன்ப்பா இங்க கூட்டிட்டு வந்தீங்க?"

"கோர்ட்டுல நமக்கு யாரைம்மா தெரியும்?"

எங்கள் ஊர் ஆண்பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேர் வாழ்க்கையை இப்படித்தான் நடத்துகிறார்கள். வேலை எங்கே நடக்கும் என்று பார்ப்பதில்லை. ஆள் எங்கே இருக்கிறான் என்று பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் ஆர்ஸ்கி தட்டு நிறைய காபிக் கோப்பைகளோடு படியேறி வந்தார்.

"என்ன மக்லூஃப், முடிஞ்சுதா? நான்தான் சொன்னேனே!"

மக்லூஃப் அவரைத் திட்டக்கூட இல்லை. "முடிஞ்சுது" என்றார்.

லுத்ஃபி அக்காவிடமிருந்து போனை வாங்கினான். பெல்காஸெமுக்கு அவனே பேசினான். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னான், வேறு யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல.

"எலும்பை வெச்சு மட்டும் நான் பேரெழுத முடியாதுடா தம்பி. காலையில உனக்கு வயசுதான் தப்பா இருந்துச்சு. இப்போ நீ யாருன்னே என்கிட்ட பேப்பர் இல்ல."

"தெரியும் கோச்."

"கேளு. நாம முதல் ரெண்டு இடத்துல வந்துட்டா, கோப்பைக்குப் புதுப் பட்டியல் அனுப்பணும். மே மாசம். அதுக்குள்ள உன் பேப்பர் வந்துட்டா, நான் எழுதற முதல் பேரு உன்னுது."

"முதல் ரெண்டுல வரணும்."

"ஆமா."

"நான் இல்லாம."

"நீ இல்லாம."

லுத்ஃபி தலையாட்டினான். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? "நல்லா ஆடச் சொல்லுங்க கோச்" என்று சொல்லி வைத்தான். இனி நான்கு ஆட்டங்களையும் அவன் வீட்டில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அவன் இடத்தில் ஆடுகிற பையன் கோல் போட வேண்டும் என்று அவனே வேண்டிக்கொள்ள வேண்டும். பதினாறு வயதுக்கு அது பெரிய சுமை.

திரும்பும் வழியில் நஸீமா மனுத்தாளை மடியில் வைத்து எழுதினாள். பஸ் குலுங்கியதால் எழுத்து நெளிந்தது. தகப்பன் பெயர். தாய் பெயர். பிறந்த இடம்: முகாம், குடில் எண் நாற்பத்தாறு.

"பிறந்த தேதி, ஆகஸ்ட் ஒன்பது" என்று சொல்லிக்கொண்டே எழுதினாள்.

"ஆகஸ்டா?" என்றான் லுத்ஃபி. "என் பொறந்த நாள் ஆகஸ்டுலயா?"

ஜனவரிதோறும் குளிரில் அவன் ஊதி அணைத்த மெழுகுவத்திகள் எல்லாம் வேறு ஒருவனுடையவை.

நஸீமா அடுத்த கட்டத்துக்கு வந்தாள். பிள்ளையின் பெயர். 'லு' எழுதப் பேனாவைக் கொண்டுபோனாள்.

"அதை விடு" என்றான்.

"எதை?"

"பேரை. எழுதாத. அது அவன் பேரு. இன்னிக்குத்தான் அவனுக்கு எழுதிக் குடுத்திருக்காங்க. அவன்கிட்டயே இருக்கட்டும்."

"டேய், பைத்தியமா? வேற என்னன்னு எழுதறது?"

"தெரியல. ஞாயித்துக்கிழமைக்குள்ள சொல்றேன்."

மக்லூஃப் கண்ணாடியில் மகனைப் பார்த்தார். அதட்ட வாயெடுத்தார். இன்றைக்கு அதட்டுகிற யோக்கியதை தனக்கில்லை என்று தோன்றியிருக்க வேண்டும், ரோட்டைப் பார்த்தார்.

லுத்ஃபி முன்சீட்டின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"யம்மா, ஒண்ணு கேக்கறேன். உண்மையைச் சொல்லு. இத்தனை வருஷமா லுத்ஃபி லுத்ஃபின்னு கூப்பிட்டியே, யாரைக் கூப்பிட்ட?"

"அம்மாவை விடுறா" என்றாள் நஸீமா.

"இரு" என்றாள் கல்தூம். அவள் திரும்பவில்லை. முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். "முதல்ல அவனைத்தான் கூப்பிட்டேன். உன்னைத் தூக்கி வெச்சுக்கிட்டு அவனைத்தான் கொஞ்சினேன். ரெண்டு வயசு வரைக்கும்னு வெச்சுக்கோ. அப்புறம் நீ நடந்த, ஓடின, பேசின. அவன் இதெல்லாம் செய்யல. எப்போ மாறிச்சுன்னு எனக்கே தெரியலடா. ஒரு நாள் நீ காய்ச்சல்ல கிடந்த. உன்னைத்தான் கூப்பிட்டேன். உன்னை மட்டுந்தான். அன்னிக்கு அவனை விட்டுட்டேனேன்னு ராத்திரி முழுக்க அழுதேன். அது சத்தியம்."

அவன் கையை எடுத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தான். கோபம் போய்விட்டதா, கூடிவிட்டதா, அவன் முகத்தில் தெரியவில்லை. காலையில் காலுறைக்காக அழுத அம்மா மீது அவனால் கோபப்பட முடியவில்லை. தனக்காக யாரும் அழவில்லையே என்ற கோபத்தை விடவும் முடியவில்லை.

நாலு மணிக்கு வீட்டில் யாரும் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. நாலரைக்கு லுத்ஃபியின் போனுக்குப் பட்டியல் வந்தது. இருபத்தோரு பெயர்கள். அவன் ஒரு தடவை மேலிருந்து கீழே படித்தான். பழைய காலணியை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனான்.

கல்தூம் மத்தி மீன் வறுத்தாள். அவனுக்குப் பிடித்ததுபோல மாவு கொஞ்சம் தூக்கலாக, பூண்டும் சீரகமும் வைத்து அடைத்து. மக்லூஃப் நாற்காலியில் உட்கார்ந்து, ஓரானுக்குப் போன் போட்டு, அந்த மருத்துவச்சியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். முட்டி வலிக்காரி, ஐந்நூறு கிலோமீட்டர் வருவாளோ மாட்டாளோ. நஸீமா மேஜைமேல் மனுத்தாளை விரித்து, பறக்காமலிருக்க உப்புக் கிண்ணத்தை வைத்திருந்தாள். பெயருக்கான கட்டம் காலியாகவே இருந்தது.

மீன் ஆறினால் அவன் தொடமாட்டான். கல்தூம் கையைத் துடைத்துக்கொண்டு பால்கனிக்கு வந்தாள்.

மூன்றாம் மாடி. கீழே இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். மாலை வெயில் சுவரோரமாக மட்டும் இருந்தது. அவன் இடது ஓரத்தில் பந்தோடு தனியாக நின்றான். யாரும் அவனிடமிருந்து பந்தைப் பறிக்க முயலவில்லை. அதற்குள் எல்லாருக்கும் தெரிந்துவிட்டிருக்கிறது.

தினமும் இந்த நேரத்தில் இந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் கூப்பிடுவாள். தெருமுனை ரொட்டிக் கடைவரை கேட்கும். இன்றைக்கும் கம்பியைப் பிடித்தாள், மூச்சை இழுத்தாள், வாயைத் திறந்தாள்.

பேர் வரவில்லை.

காலையில் இரண்டு லுத்ஃபியோடு வீட்டைவிட்டுப் போனவள் அவள். ஒருவனைப் பதிவேட்டில் விட்டுவிட்டு வந்தாள். மற்றவன் இதோ கண்ணெதிரே நிற்கிறான், கூப்பிட அவளிடம் ஒரு சொல் இல்லை.

"மகனே!" என்று கூப்பிட்டாள். "மகனே, சாப்பிட வா!"

கீழே நாலு பையன்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், தங்கள் அம்மாதானோ என்று.

அவன் நிமிரவில்லை. பந்தைச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தான்.